முக்கால் டன்னா, ஒரு டன்னா?

அமெரிக்காவில் பெரிய பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: முக்கால் டன் எடுப்பதா, ஒரு டன் எடுப்பதா? ஃபோர்டில் எஃப்-250, எஃப்-350. ராமிலும் செவ்ரோலேயிலும் 2500, 3500. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். இன்ஜின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் டெக்சஸில் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்கள் இந்த இரண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அரசியல் தோற்றுவிடும்.

நான் இந்தக் கேள்விக்குள் போனதற்குக் காரணம் ஒரு டிரெய்லர். குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்ய, டிரக்கின் தொட்டிக்குள்ளேயே கொக்கி போட்டு இழுக்கும் ஐந்தாம் சக்கர டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். தண்ணீர், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றினால் 12,000 பவுண்டு, அதாவது சுமார் 5,440 கிலோ. எனக்கு முன்பே இப்படி ஒன்று வாங்கியிருந்த நண்பர் அடித்துச் சொன்னார்: "முக்கால் டன்னே தாராளம் சார். எதுக்கு வீணா ஒரு டன்னுக்குப் போறீங்க?" டீலர்கடைச் சேல்ஸ்மேனும் அதையே சொன்னார்.

எனக்கு உறுத்தியது அந்த 'முக்கால் டன்' என்ற பெயர். அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு, 907 கிலோ. அதில் முக்கால் என்றால் 1,500 பவுண்டு. இன்றைக்கு அரை டன் என்று விற்கப்படும் எஃப்-150 கூட அதைச் சுமந்துவிடும். முக்கால் டன் வண்டிகளில் சில 4,000 பவுண்டு வரை ஏற்றும். ஒரு டன் வண்டியில் பின்னால் இரட்டைச் சக்கரம் போட்டவை 7,000, 8,000 பவுண்டைத் தொடுகின்றன. அப்படியானால் இந்த டன் எங்கிருந்து வந்தது, இப்போது அது எதைத்தான் குறிக்கிறது? இது தெரியாமல் பணத்தைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதல் நூல் பிடிபட்டது 1917இல். அந்த ஆண்டு ஜூலையில் ஃபோர்டு நிறுவனம் மாடல் டிடி என்ற சேஸியை அறிவித்தது. புகழ்பெற்ற மாடல் டி காரின் அடிப்படையில், 100 அங்குலமாக இருந்த சக்கர இடைவெளியை ஏறத்தாழ 125 அங்குலமாக நீட்டி, பின் அச்சைப் பலப்படுத்தி, ஒரு டன் சுமக்கும் என்று சொல்லி விற்றார்கள். விலை 600 டாலர். அதற்குக் கேபினோ தொட்டியோ கிடையாது. வாங்குகிறவர் உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு செவ்ரோலேயும் டிரக் தயாரிப்பில் இறங்கி, இலகுவான அரை டன் வண்டி ஒன்றையும் ஒரு டன் வண்டி ஒன்றையும் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் டன் என்றால் டன்தான். ஒரு டன் வண்டியில் ஒரு டன் சரக்கை ஏற்றினார்கள்.

முக்கால் டன் பிற்பாடு பரவலான இடைப்பிள்ளை. 1930களின் பிற்பகுதியில் அரை டன் போதாமல், ஒரு டன் வாங்க வசதியும் இல்லாமல் இருந்தவர்களுக்காக அது சந்தையில் பரவியது. அதற்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது இரண்டாம் உலகப்போர். 1942 முதல் டாட்ஜ் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரித்த டபிள்யூசி வரிசை வண்டிகளில் பெரும்பாலானவை, தாழ்வாகவும் அகலமாகவும் அமைந்த முக்கால் டன் வண்டிகள். ராணுவம் கணக்கிட்டது சேற்றிலும் மேட்டிலும் ஓடும்போது சுமக்கக்கூடிய எடையை. ஆகவே தார்ச்சாலையில் அதே வண்டி அதைவிட அதிகம் சுமக்கும். போர் முடிந்தது. 1946இல் அந்த வண்டியை அடிப்படையாக வைத்து டாட்ஜ் வெளியிட்ட பொதுமக்கள் வண்டிதான் பவர் வேகன். அதை ஒரு டன் என்று விற்றார்கள்! என் தேடலில் டன் என்ற சொல் தன் எடையிலிருந்து நழுவுவதை நான் முதலில் பார்த்த இடம் இதுதான்.

ஃபோர்டின் எண்களும் இதற்கு அடுத்துதான் வருகின்றன. 1948இல் எஃப் வரிசை அறிமுகமானபோது எஃப்-1 அரை டன், எஃப்-2 முக்கால் டன், எஃப்-3 கனத்த முக்கால் டன், எஃப்-4 ஒரு டன். 1953இல் பெயர்களை மாற்றினார்கள். எஃப்-1 எஃப்-100 ஆனது. எஃப்-2ஐயும் எஃப்-3ஐயும் சேர்த்து எஃப்-250 ஆக்கினார்கள். எஃப்-4 எஃப்-350 ஆனது. இன்று நான் டீலர்கடையில் பார்த்த இரண்டு பெயர்களும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பழையவை. இடையில் எஃகு மேம்பட்டது, பிரேக் மேம்பட்டது, டயர் மேம்பட்டது. வண்டி சுமக்கும் எடை கூடிக்கொண்டே போனது. பெயர் மட்டும் நின்ற இடத்தில் நின்றுவிட்டது.

இன்னொரு விசித்திரம் எஃப்-150. 1975இல் அது பிறந்ததே ஒரு சட்ட எண்ணைத் தாண்டுவதற்காக. வண்டியின் எடையும் அதில் ஏற்றக்கூடிய சுமையும் சேர்ந்த மொத்த அனுமதி எடை 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அப்போது புகைக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஃபோர்டு அதற்குச் சற்று மேலே ஓர் அரை டன் வண்டியை நிறுத்தியது. இதைப் படித்ததும் எனக்கு வழி தெரிந்தது. நான் தேட வேண்டியது டன்னை அல்ல. சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்பதை.

அந்தக் கோடு 10,000 பவுண்டு. அமெரிக்க அரசின் பிரிவுகளில் மொத்த அனுமதி எடை 6,001 முதல் 10,000 வரை இரண்டாம் வகுப்பு. அதிலும் 8,500க்கு மேற்பட்டவை '2பி'. 10,001 முதல் 14,000 வரை மூன்றாம் வகுப்பு. வாகனப் பாதுகாப்பு விதிகளைப் புரட்டினால் 4,536 கிலோ என்ற எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வேறொன்றுமில்லை, அதே 10,000 பவுண்டுதான். டயர் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயம் என்ற விதியும், வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி கட்டாயம் என்ற விதியும் இந்த எடையோடு நின்றுவிடுகின்றன. மாநில எல்லை தாண்டித் தொழில் செய்கிறவருக்கு 10,001 பவுண்டிலிருந்து மத்திய அரசின் வணிக வாகன விதிகள் தொடங்குகின்றன. டெக்சஸில் ஆண்டுப் பதிவுக் கட்டணம் 6,001 முதல் 10,000 வரை 54 டாலர், அதைத் தாண்டினால் 110 டாலர். இவ்வளவுக்கும் இதே மாநிலத்தின் போக்குவரத்துச் சட்டம் இலகு டிரக் என்பதற்கு, உற்பத்தியாளர் மதிப்பிட்ட சுமைதிறன் 2,000 பவுண்டுக்கு மிகாதது என்றுதான் இன்னும் விளக்கம் சொல்கிறது. மாடல் டிடி காலத்து ஒரு டன் அந்த வரியில் உயிரோடு இருக்கிறது.

சரி, இந்த மொத்த அனுமதி எடையை நிர்ணயிப்பது யார்? அரசு சோதித்துப் பார்த்து முத்திரை குத்துகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. உற்பத்தியாளரே அறிவிக்கிறார். வண்டியின் வெற்று எடை, அறிவிக்கப்பட்ட சரக்கு எடை, ஓர் இருக்கைக்கு 150 பவுண்டு ஆகியவற்றைக் கூட்டினால் வருவதைவிட அது குறையக்கூடாது என்பதுதான் விதி. இதற்குள் நின்று, சந்தைக்கு ஏற்றபடி எண்ணை வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. முக்கால் டன் வண்டிகளில் பல சரியாக 10,000இலோ அதற்கு ஒரு பிடி குறைவாகவோ நிற்பது தற்செயல் அல்ல. எஃப்-350ஐக்கூடச் சில ஆண்டுகளில் 10,000க்கு இறக்கிய மதிப்பீட்டில் வாங்க ஃபோர்டு வழி வைத்திருந்தது. அதே இரும்பு, காகிதத்தில் குறைந்த எடை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி டீலர்கடைக்குப் போனேன். அடுத்தடுத்து நின்ற இரண்டு டீசல் வண்டிகள். இரண்டும் நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், ஒரே உள்ளமைப்பு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர். எஃப்-250இல் மொத்த அனுமதி எடை 10,000. பக்கத்தில் மஞ்சள் பட்டையிட்ட சிறிய ஸ்டிக்கர், ஆட்களும் சரக்கும் சேர்ந்து 2,430 பவுண்டைத் தாண்டவே கூடாது என்றது. எஃப்-350இல் மொத்தம் 11,500, சுமக்கக்கூடியது 3,890. கழித்துப் பார்த்தேன். ஒரு வண்டியின் வெற்று எடை 7,570, இன்னொன்று 7,610. நாற்பது பவுண்டு இரும்பு வித்தியாசத்துக்கு 1,460 பவுண்டு சுமை வித்தியாசம்!

குனிந்து பின் அச்சைப் பார்த்தேன். ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் கட்டை ஒரு டன் வண்டியில் உயரமாக இருந்தது. பட்டைக் கட்டும் கனமாக இருந்தது. ராம் வண்டிகளில் இந்த வித்தியாசம் இன்னும் வெளிப்படை. 2014 முதல் 2500இல் பின்னால் காயில் ஸ்பிரிங், 3500இல் பட்டை ஸ்பிரிங். காயில் போட்டதால் வெறும் வண்டியாக ஓட்டும்போது குலுக்கல் குறைவு. தினமும் வேலைக்குப் போய்வர 2500 சுகமான வண்டி, அதை மறுப்பதற்கில்லை.

என் கணக்கு இப்படி வந்தது. ஐந்தாம் சக்கர டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின் மேல் நேரடியாக உட்காரும். 20 என்று வைத்தால் என் டிரெய்லருக்கு 2,400 பவுண்டு. எஃப்-250இல் மிச்சம் 30 பவுண்டு. வழக்கமான கொக்கியே 150 பவுண்டு இருக்கும். நாங்கள் நால்வர் இன்னும் ஏறவில்லை. இத்தனைக்கும் அந்த வண்டியால் 12,000 பவுண்டை இழுக்க முடியும். விளம்பரத்தில் போடும் இழுவைத் திறன் பொய்யல்ல. இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு. டீசல் இன்ஜின் இழுவையைக் கூட்டுகிறது, ஆனால் பெட்ரோல் இன்ஜினைவிடக் கனமானது. 10,000 என்ற உச்சவரம்பு அசையாது என்றால் இன்ஜினில் கூடிய எடை சுமையிலிருந்துதான் கழியும். முக்கால் டன் டீசல் வாங்கிக் கனத்த டிரெய்லர் மாட்டும் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். மலைச்சாலையில், பின் டயரும் அச்சும் அவற்றின் அளவுக்கு மேல் சுமக்கும்போது, ஆபத்து நம்மோடு நிற்பதில்லை. எதிரே வரும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

நான் எடுத்தது எஃப்-350, பின்னால் ஒற்றைச் சக்கரம். இரட்டைச் சக்கரம் 15,000, 16,000 பவுண்டு டிரெய்லர் இழுப்பவர்களுக்குத் தேவை. எனக்குத் தேவையில்லை, கடைவீதியில் நிறுத்தவும் இடம் கிடைக்காது. விலை வித்தியாசம் வண்டியின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். டெக்சஸ் பதிவுக் கட்டணத்தில் ஆண்டுக்கு 56 டாலர் கூடுதல்.

டிரெய்லரைப் பந்துக்கொக்கியில் மாட்டி இழுப்பவர்களுக்கு, எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் டிரக்கின் மேல் விழும். 8,000 பவுண்டு டிரெய்லர் என்றால் பெட்ரோல் இன்ஜின் போட்ட முக்கால் டன் வண்டி நன்றாகவே போதும். அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். ஐந்தாம் சக்கரம் என்றால் ஒரு டன்னுக்குக் கீழே இறங்காதீர்கள். எதுவானாலும் பெயரையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு, நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியின் கதவுத் தூண் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போடுங்கள். ஒரே மாடலிலேயே வண்டிக்கு வண்டி அந்த எண் மாறும். வாங்கிய பிறகு, குடும்பம், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி, நெடுஞ்சாலை டிரக் நிறுத்தத்தில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். அச்சுவாரியாக எடையை அச்சிட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டையும் கதவு ஸ்டிக்கரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தொடங்குங்கள்.