வாங்கு கயிறு

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறேன். இங்கே கயிறு என்ற சொல் பெரும்பாலும் பாம்போடு சேர்ந்துதான் காதில் விழும். அரையிருட்டில் கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று பயந்தவனின் உவமையை யாராவது ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருப்பார். கயிற்றைக் கயிறாகவே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில், தேரோட்டத்தின்போது.

மகா ரதம் மாட வீதியில் திரும்பிக்கொண்டிருந்தது. அத்தனை கூட்டமும் வடம் பிடித்து இழுக்க, சக்கரத்தடியில் சில பேர் முட்டுக்கட்டையோடு குனிந்து நின்றார்கள். இழுப்பவர்கள் தேரை நகர்த்தத்தான் முடியும். எந்தச் சக்கரத்தில் எந்த நேரத்தில் கட்டையைச் செருகுவது, எப்போது உருவுவது என்று தெரிந்தவர்கள்தான் அதைத் திருப்புகிறார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா மகன் என் பக்கத்தில் நின்றிருந்தான். துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறவன். "எங்க படகும் இதே மாதிரிதான் மாமா. இழுக்கிறது காத்து. ஆனா எங்க போகணும்னு கட்டையில இருக்கிற கயிறுங்கதான் சொல்லும். ஒரு தடவை வந்து பாருங்க" என்றான்.

தை பிறந்ததும் போனேன்.

சென்னைத் துறைமுகத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. அனுமதிச் சீட்டு, பாதுகாப்புப் படையினரின் சோதனை எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் இந்தத் துறைமுகத்தில்தான் தொடங்கியது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் பிள்ளைகள் பழகுவதும் இங்கேதான். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னைப் பெண். அவரோடு டோக்கியோவுக்குப் போய், 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணன் எங்களுக்குப் பக்கத்து ஊரான வேலூர்க்காரர். இருவர் ஓட்டுவதும் ஒரே வகைப் படகு. லேசர் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய அதற்கு இப்போது இல்கா என்று பெயர். கனடாவைச் சேர்ந்த புரூஸ் கிர்பி வரைந்தது. 4.23 மீட்டர் நீளம், வெறும் படகு 59 கிலோ. இரண்டு சக்கர வண்டியில் ஏற்றி ஒரே ஆள் தண்ணீர்வரை தள்ளிக்கொண்டு போய்விடலாம். காரின் பின்னால் இழுவண்டியில் கட்டி ஊர் ஊராகவும் கொண்டு போகலாம்.

படகுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் காசிமேட்டுக்காரர். அறுபதை நெருங்கும் வயது. அக்கா மகன் என்னை அறிமுகப்படுத்தியதும், "திருவண்ணாமலையிலேர்ந்தா? மலையைச் சுத்திட்டு வந்த காலு, கொஞ்சம் உக்காரு தம்பி" என்று தலைகீழாகக் கவிழ்த்திருந்த ஒரு படகைக் காட்டினார். அன்று காலை முழுவதும் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய்மரம் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினார். பாயின் முன் விளிம்பில் நீளமாக ஒரு பை தைத்திருக்கிறது. தலையணைக்கு உறை போடுவது போல மரத்தின் மேல் அதை இழுத்துவிட்டு, மரத்தைத் தூக்கிப் படகின் குழியில் நிறுத்தினார். பிறகு கிடையாக நீளும் கட்டை. பூம் என்பார்கள். இது ஓர் அலுமினியக் குழாய். இதன் ஒரு முனை மரத்தில் முளையில் மாட்டிச் சுழலும், மறுமுனை காற்றில் நிற்கும். அதை அடக்கி ஆள்வதற்குத்தான் இத்தனை கயிறும்.

முதல் கயிறு பாயின் பின் மூலையைக் கட்டையின் நுனிக்கு இழுக்கிறது. இழுத்தால் பாய் தட்டையாகும், தளர்த்தினால் வயிறு வைக்கும். இன்னொன்று முன் விளிம்பைக் கீழே இறுக்குவது. இரண்டையும் பேசிக்கொண்டே கட்டி முடித்தார். மூன்றாவதைக் கையில் எடுத்ததும் பேச்சு நின்றது.

மரத்தின் அடியிலிருந்து சாய்வாக ஏறிக் கட்டையை அடியிலிருந்து பிடிக்கும் கயிறு அது. சிறுசிறு கப்பிகள் வழியாக மேலும் கீழுமாக ஓடுகிறது. ஆங்கிலத்தில் வாங் என்கிறார்கள். பிடிப்பது என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. பெரியவர் அதை "வாங்கு கயிறு" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. தமிழில் வாங்குதல் என்றால் இழுத்தல், வளைத்தல். வில்லை வாங்கினான் என்று படித்திருக்கிறோமே, அந்த வாங்குதல். இரண்டு சொல்லுக்கும் உறவு ஏதும் இல்லை. ஆனாலும் இந்தக் கயிறு செய்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல்லை உட்கார்ந்து யோசித்தாலும் செய்திருக்க முடியாது.

அதன் வேலையை அவர் கையால் செய்து காட்டினார். ஓட்டுபவர் கையில் எப்போதும் இருக்கும் பெரிய கயிறு, மெயின் ஷீட், கட்டையை நடுவுக்கு இழுக்கும்போது கூடவே கீழேயும் இழுக்கிறது. அதைத் தளர்த்தி விட்டால் கட்டை பக்கவாட்டில் அகன்று போகும். அப்போது கீழே பிடிக்க ஆளில்லை. கட்டை மேலே எழும்பும், பாயின் பின் விளிம்பு முறுக்கிக்கொள்ளும், மேல்பாதியில் பட்ட காற்றெல்லாம் வீணாக வழிந்து ஓடும். "இப்ப பாரு" என்று வாங்கு கயிற்றை ஓர் இழு இழுத்தார். எழும்பிய கட்டை படிந்தது. மரமே இலேசாகப் பின்னால் வளைந்தது. பாயின் சுருக்கங்கள் ஒன்றொன்றாக மறைந்தன.

பழைய லேசரில் இந்தக் கயிற்றின் இழுவை மூன்று மடங்குதான் பெருகும். காற்று வலுத்தால் உடம்பையே போட்டு இழுக்க வேண்டியிருந்ததாம். இப்போது பதினைந்து மடங்குவரை விதி இடம் தருகிறது. கிணற்றில் கப்பி போட்டவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். பலம் எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு கயிறு கூடுதலாக ஓட வேண்டும். கட்டை ஒரு விரல் இறங்க, கையில் பதினைந்து விரல் கயிறு வரும். "அதுக்காக இறுக்கியே வெச்சிடக் கூடாது. காத்து பின்னாலேர்ந்து வர்றப்ப கட்டை நுனி தண்ணில பட்டா படகு கவுந்துடும்" என்றார்.

கயிறு விரல் பருமன்கூட இல்லை. நுனி பிரியாமலிருக்க லைட்டரில் உருக்கி, எச்சில் தொட்ட விரலால் உருட்டிவிட்டார். கப்பியில் கோத்து, இழுத்தாலும் இறுகிப்போகாத கண்ணி ஒன்றைப் பார்க்காமலே போட்டார். ஒவ்வொரு முடிச்சையும் போட்டபின் காலை உதைத்து முழு எடையோடு ஒரு முறை இழுத்துப் பார்த்தார். கட்டிய எதையும் இழுத்துப் பார்க்காமல் அவர் விடவில்லை.

மெயின் ஷீட்டை என்னைக் கோக்கச் சொன்னார்கள். பின்புறத்துக் கப்பியிலிருந்து கட்டையின் நுனிக்கு, கட்டையோடு நடுவுக்கு, அங்கிருந்து படகின் நடுவே நிற்கும் பெரிய கப்பிக்கு. சரியாகவே கோத்தேன். கடைசியில் நுனியில் போட வேண்டிய, எட்டு வடிவ முடிச்சை மறந்தேன். பெரியவர் அப்போது இன்னொரு படகுக்குப் போயிருந்தார். தண்ணீரில் இறங்கிக் கால் மணி நேரத்துக்குள் ஒரு வீச்சுக் காற்று வந்தது. அக்கா மகன் கயிற்றைத் தளர்த்தினான். நுனியில் தடுப்பில்லாத கயிறு எல்லாக் கப்பியிலிருந்தும் உருவிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. கட்டை கேட்பாரற்று அகன்று போய்ப் படபடத்தது. காற்று நிறைய இருந்தும் படகு நகரவில்லை. மீட்புப் படகு வந்து கட்டி இழுத்துப்போனது. கரையில் பெரியவர் திட்டவில்லை. என் கையில் கயிற்று நுனியைக் கொடுத்து அந்த முடிச்சைப் பத்து முறை போட வைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் தகப்பனாரைப் பற்றிப் பேச்சு வந்தது. கட்டுமரத்தில் பாய் கட்டி ஓடியவர். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். பாய் கட்டும் குறுக்குமரம் பருமல். இவற்றைப் பெரியவர் வீட்டுப் பொருட்களின் பெயர்களைச் சொல்வது போலச் சொன்னார். "இந்தப் படகுல ஆஞ்சான் கிடையாது தம்பி, பாயைத்தான் மரத்துல மாட்டிடறமே. ஆனா தாமான் இருக்குது. நீ உருவ விட்டியே, அதான்."

ஊர் திரும்பியதும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். ஆஞ்சான், தாமான், பருமல் மூன்றும் இருக்கின்றன. 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த நூல் அது. அது வெளிவந்த காலத்தில் இந்தச் சொற்கள் கரையெல்லாம் புழங்கின. பிறகு எஞ்சின் வந்தது. 2004 சுனாமிக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் வந்து நிறைந்தன. பாய் போனதும் பாயைக் கட்டிய கயிறுகளின் பெயர்களும் கரையிலிருந்து போகத் தொடங்கின. ஆங்கிலத்துக்குக் கட்டுமரத்தைக் கொடுத்த கரை இது. தென்னை நாருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் காயர் என்ற சொல்லும் நம் கயிற்றின் குடும்பத்திலிருந்து போனதுதான். அதே கரையில் இன்று பத்து வயதுப் பிள்ளைகள் கப்பியும் கயிறும் கையில் பிடித்துக் கற்கும்போது ஒரு தமிழ்ச் சொல்கூட அவர்கள் காதில் விழுவதில்லை. கற்றுத்தருபவர்களிடம் குறையில்லை, போட்டியின் மொழி ஆங்கிலம். ஆனால் கயிறு கட்டித்தரும் அந்த மனிதரின் நாக்கில் சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லையே வாங்கு கயிறாக்கிக்கொண்ட நாக்கு அது. பயிற்சிக்கு நடுவே அரை மணி நேரம் அவரைப் பேசவிட்டால் போதும், மெயின் ஷீட் என்று தெரிந்த பிள்ளைக்குத் தாமானும் தெரிந்துவிடும்.

தேரோட்டத்தில் வடம் பிடிப்பது பெருமையாக எண்ணப்படுகிறது. முட்டுக்கட்டை போடுபவர் பெயரை யாரும் கேட்பதில்லை, நானும் இத்தனை ஆண்டுகளில் கேட்டதில்லை. துறைமுகத்திலும் பதக்கம் வாங்கிய பிள்ளைகளின் படம்தான் செய்தித்தாளில் வருகிறது. அந்தப் படகுக்குக் காலையில் கயிறு கட்டி, காலை உதைத்து இழுத்துப் பார்த்தவரையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடற்கரை ஊர்களில் இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாய் கட்டிக் கடலுக்குப் போன தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கயிற்றின் பெயரையும் அது செய்த வேலையையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.