கட்டும்போதே காக்க வேண்டும்

மீன்பிடித்து எங்களைப் படிக்கவைத்த அப்பாவின் பழைய படகு எஞ்சினைச் சீர்செய்ய, சபாவிலுள்ள தம்பி கேட்டிருந்தான். கீழ்ப்பகுதியை முதலில் அனுப்பினேன். பாடநூல்களைக் கட்டுவதுபோல் நாளிதழ்களைத் திணித்து அட்டைப்பெட்டியில் அடைத்தேன். வழியில் பாரம் உள்ளே நகர்ந்து அட்டையைக் கிழித்தது. விசிறிக்குக் கீழுள்ள அலுமினிய முனை முறிந்தது. தம்பி கடிந்துகொள்ளவில்லை. அதுவே வலித்தது.

மேற்பகுதியை அனுப்பும்போது அவசரப்படவில்லை. பெட்ரோலையும் எண்ணெயையும் முழுதும் வடித்து, வாடை போகும்வரை காயவைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றித் தனியே சுற்றினேன். எஞ்சினின் அடியிலுள்ள துளைகள் வழியே போல்ட்டு கொடுத்து, மரப்பெட்டியின் அடிப்பலகையோடு இறுக்கினேன். பெட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

"அக்கா, அப்படியே வந்து சேர்ந்தது" என்றான் தம்பி.

அனுப்பிய பொருளோடு வழியெல்லாம் நாம் உடன் செல்ல முடியாது. கட்டும்போதுதான் காக்க முடியும். பிள்ளைகளை அனுப்பிவைக்கும் நமக்கும் இது பொருந்துமன்றோ?