நோவும் சொல்லும்

கற்பிட்டிக் கரையில் திருக்கை முள் தைத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார், அழமாட்டார். முகத்தைப் பார்த்தே நோவை அளக்கும் தாதி மாணவியர் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிடுவர். ஆகவே, அமெரிக்கத் தாதி மார்கோ மக்கஃபரி 1968இல் வகுத்த கருத்தையே முதலிற் கற்பிக்கிறேன்: நோவுறுபவர் எதனை நோவென்கிறாரோ அதுவே நோவு. பூச்சியம் முதல் 10 வரையான அளவுகோல் பின்னரே. எண் கேட்டால் மீனவர் சிரிப்பார். கடுப்பா, உளைவா, எரிவா என வினவினால் விடை உடனே வரும்.

45 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெந்நீரில் காலை அரைமணி முதல் ஒன்றரை மணிவரை அமிழ்த்தினால் கடுப்புப் பெரும்பாலும் தணியும். நொந்த காலுக்குச் சூடு சரிவரத் தெரியாது. நீரைத் தாதியே சோதிக்க வேண்டும். பின் மீண்டும் கேட்க வேண்டும். இதனையே மாணவியர் மறக்கின்றனர். குறிப்பேட்டில் இதற்கென ஒரு நிரலைக் கையாற் கோடிட்டுச் சேர்த்துள்ளோம்.