களிமண் மீது ஏன் இந்தக் கோபம்?

ஒருவருக்கு அறிவு போதாது என்று சொல்ல வேண்டுமா? தலையில் களிமண் என்றால் போதும். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களிடமும் களிமண்ணுக்கு இதே மரியாதைதான். புனேயிலிருந்து இந்தூர் வரை கரிசல் பூமியில் வீடு கட்டிக் குடியேறுகிற பலர், கொல்லையில் இருக்கும் கறுப்பு மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு லாரியில் செம்மண் இறக்குகிறார்கள். காசும் போகிறது, மண்ணும் போகிறது. அந்தச் செம்மண்ணுக்காக எங்கோ ஒரு குன்றும் கரைகிறது.

வேடிக்கை என்னவென்றால், ரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் இன்று உலகெங்கும் கையாளும் மட்கு உர முறைகளில் முக்கியமான ஒன்று உருவானதே இந்தக் கறுப்புக் களிமண் பூமியில்தான். 1905-ல் இந்தியா வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர் ஆராய்ச்சி நிலையம் நடத்தினார். பருத்தி மார், சருகு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது புரட்டிவிட்டு, சுமார் மூன்று மாதத்தில் உரமாக்கினார்கள். ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இதை விளக்கி எழுதிய புத்தகம் 1931-ல் வந்தது. 'இந்தூர் முறை' கடல் கடந்தது. புதிதாகக் கண்டுபிடித்தார் என்பதைவிட, இந்திய, சீன விவசாயிகள் செய்துவந்ததை ஒழுங்குபடுத்தினார் என்பதே நியாயம்.

களிமண்ணின் பலம் அதன் நுண்மையில் இருக்கிறது. துகள் ஒவ்வொன்றும் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. கரிசலில் உள்ள களியை ஒரு கிராம் எடுத்துக்கொண்டால், அதன் துகள்களின் மொத்தப் பரப்பு பல நூறு சதுர மீட்டர் வரும். அந்தப் பரப்பில் இருக்கும் எதிர் மின்னூட்டம், சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து, அம்மோனியம் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. மணலில் போட்ட சத்தில் பெரும்பகுதி அடுத்த மழையோடு இறங்கிவிடும். யூரியா மூட்டை வைத்திருப்பவர் மறுபடி போட்டுக்கொள்ளலாம். குப்பைக் குழியை மட்டும் நம்பியிருப்பவர் என்ன செய்வார்?

வெயில் இன்னொரு விஷயம். நம் நாட்டுச் சூட்டில் மணற்பாங்கான நிலத்தில் போட்ட தொழு உரம் சீக்கிரமே கரைந்து காணாமல் போகிறது. களித் துகளோடு ஒட்டிக்கொண்ட மட்கு அவ்வளவு எளிதில் நுண்ணுயிர்களிடம் சிக்குவதில்லை. தண்ணீரும் அப்படித்தான். மாளவத்தில் பாசனம் இல்லாமலேயே, மழைக்காலத்து ஈரத்தைக் கொண்டு கோதுமையும் கடலையும் விளைந்தது இந்த மண்ணின் தயவில்.

ஆனால், கறுப்பாக இருப்பதால் மட்கு நிறைந்த மண் என்று ஏமாந்துவிடக் கூடாது. கரிசலில் கரிமச் சத்து பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தழைச் சத்தும் மணிச் சத்தும் பற்றாக்குறைதான். வாங்கி வைக்கத் தெரிந்த மண். போடுவதற்கு ஆள் வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மழையில் பசை, கோடையில் பாளம். தண்ணீர் தேங்கினால் பப்பாளி வேர் அழுகும். இதற்கு மணல் கலப்பது பலரும் சொல்லும் வைத்தியம். கொஞ்சமாகக் கலந்தால் காய்ந்தபின் செங்கல் போல இறுகும். தரையைவிட ஒரு சாண் உயர்ந்த பாத்தி, அதன்மேல் காலே வைக்காமல் இருப்பது, வெடிப்பு விழாமல் சருகு மூடாக்கு, இவை போதும். கொத்துவதற்கும் நேரம் பார்க்க வேண்டும்: ஒரு பிடி மண்ணை உருட்டினால் சப்பாத்தி மாவு போலத் திரண்டால் மண்வெட்டியை எடுக்காதீர்கள். உதிர்ந்தால் எடுக்கலாம்.

முதல் மழையில் சணப்பை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி மண்ணோடு கலந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. பிறகு கத்தரி, வெண்டை, அவரை எதுவும் வரும். கேரட்டை மட்டும் இரண்டு மூன்று வருடம் ஒத்திப்போடலாம். இறுகிய மண்ணில் அது இரண்டு காலோடுதான் வெளியே வரும்.