சொல்லிக் கொடுத்தால் சொந்தம்!



பத்தாம் வகுப்புவரை சோழவந்தானில் தமிழ்வழியில் படித்துவிட்டு டிப்ளமோவில் சேர்ந்தவன் நான். முதல் செமஸ்டர் எப்படி இருந்தது என்று என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கரும்பலகையில் இருந்ததெல்லாம் நோட்டுக்கு வந்தது. நோட்டில் இருந்ததுதான் தலைக்குள் வர மறுத்தது!

அப்போது கைகொடுத்தது தமிழ் விக்கிப்பீடியா. டிரான்ஸ்ஃபார்மர் பாடம் புரியாமல் முழித்த ஓர் இரவு, செல்போனில் 'மின்மாற்றி' என்று தேடினேன். அட, நம்ம தமிழிலேயே இருக்கே! அதைப் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தபோது பாதி பயம் போயிருந்தது. கட்டுரையின் 'வரலாறு' பகுதியைத் தட்டினால் யார், எந்தத் தேதியில், எதைச் சேர்த்தார்கள், எதைத் திருத்தினார்கள் என்று வரிசையாக வந்தது. எழுதியதற்கு யாருக்கும் சம்பளம் கிடையாது. அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. பிறகு எதற்காக எழுதினார்கள்?

எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி எப்போது நடுவது, கொடியை எப்படிக் கட்டுவது, இலையை எப்போது கிள்ளுவது என்பதையெல்லாம் அப்பா மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். சொந்தம் என்பதால் சொல்லிக் கொடுக்கிறார்கள். இணையத்தில் நடந்ததோ தலைகீழ். சொல்லிக் கொடுத்ததால் சொந்தமானார்கள்!

1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டத்தை' எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் நம்ம மதுரை. முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம். உழைத்தவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள். ஒருவர் பழைய இலக்கியத்தைத் தட்டச்சு செய்வார். கடல் கடந்து இருக்கும் இன்னொருவர் பிழை திருத்துவார். அதே எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் கிறுக்கலாய்த் தெரிந்த காலம் அது! அந்தச் சிக்கலுக்கும் மின்னஞ்சலிலேயே பேசிப் பேசி 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள் ஆர்வலர்கள்.

2003-ல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலைஞர் மயூரநாதன் போன்ற சிலர் ஆரம்பத்தில் இட்ட அடித்தளத்தில் பலர் சேர்ந்து கட்டினார்கள். 2017-ல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. அங்கே எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? 'ஆலமரத்தடி'!

ஆலமரத்தடி என்றால் வாக்குவாதம் இல்லாமலா? நாம் 'இயற்பியல்' என்பதை இலங்கையில் 'பௌதிகவியல்' என்பார்கள். நமக்கு 'வேதியியல்'; அவர்களுக்கு 'இரசாயனவியல்'. எதை எழுதுவது? ஒன்றைத் தலைப்பாக வைத்து, மற்றதைத் தேடினாலும் அதே பக்கத்துக்கு வரும்படி வழி செய்துவிடலாம். இருவருக்கும் இடம் உண்டு. எவ்வளவு எளிய நியாயம்!

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் தப்பும் வரும்தானே என்று கேட்பீர்கள். வரும். பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும். ஆனால் அச்சில் வந்த தப்பை நம்மால் திருத்த முடியாது, இதைத் திருத்தலாம்.

இனி நம்ம கதைக்கு வருவோம். நமது வாட்ஸ்அப் குழுவில் பரீட்சைக்கு முந்தின நாள் "டேய், முக்கியமான கேள்வியை அனுப்புடா" என்று கேட்க அறுபது பேர். பதில் அனுப்ப இரண்டே பேர். மற்ற நாளெல்லாம் குட்மார்னிங் படம்! பக்கத்து பெஞ்சில் இருப்பவனிடமே நோட்டை மறைக்கிறவர்களும் உண்டு. மறைத்து வைத்த நோட்டு, படிப்பு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்.

தோழர்களே, லேத்தில் கை கறுக்கக் கற்றது, வயரிங்கில் ஷாக் வாங்கிக் கற்றது என்று நம் ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று இருக்கிறது. அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைப்போம். அடுத்த ஜூன் மாதமும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ பயத்தோடு இங்கே வரத்தான் போகிறார்கள். நாம் யாரென்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பாடம் புரிந்தால் போதும்!