இளந்தலைவரும் முதலீடும்: பேராதனை மாநாடு ஒன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இளைஞரே நாளைய தலைவர் என்னும் வாசகம் மேடைகளிற் கேட்டுப் பழகிப்போன ஒன்று. அண்மைக் காலத்தில் அதனோடு இன்னொரு தொடரும் சேர்ந்துகொண்டுள்ளது. அது 'இளைஞரில் முதலீடு செய்தல்' என்பதாகும். 2014 மே மாதத்திற் கொழும்பிலே கூடிய உலக இளைஞர் மாநாடு 'கொழும்புப் பிரகடனம்' ஒன்றை வெளியிட்டது. 2015 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, சமாதான முயற்சிகளில் இளைஞருக்கும் பங்குண்டு என வலியுறுத்தி 2250ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும் முதலீடு என்பது வணிகத்தின் சொல். முதலிடுபவர் இலாபத்தை எதிர்பார்ப்பது இயல்பு. இளைஞரில் இடப்படும் முதலுக்கு இலாபம் யாது? அது யாரைச் சென்றடைகிறது? இவ்வினாக்களுக்கு விடைதேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. எமது பேராதனை மண்ணிலேயே அதற்கான பாடம் ஒன்று கிடக்கின்றது.

1956ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஆறாவது சர்வதேச மாணவர் மாநாடு பேராதனையில் நடைபெற்றது. பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து இங்கு இடம்பெயரத் தொடங்கி அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பல நாடுகளின் தேசிய மாணவர் ஒன்றியங்கள் அனுப்பிய பிரதிநிதிகள் இங்கு கூடிப் பேசினர். கெடுபிடிப்போர்க் கால வரலாற்றைப் பாடத்தின் பொருட்டுப் படித்துக்கொண்டிருக்கையிலேதான் இச்செய்தி முதன்முதலாக என் கண்ணிற் பட்டது. விடுதி நண்பர் பலரிடம் விசாரித்தேன், ஒருவரும் அறிந்திருக்கவில்லை. நாள்தோறும் நாம் நடந்து செல்லும் வளாகத்தின் கதையை, வேறெங்கோ எழுதப்பட்ட நூலொன்றின் வழியாக அறிய நேர்ந்தது எனக்கு வியப்பையும் ஒருவகைக் கூச்சத்தையும் தந்தது.

இம்மாநாட்டின் தோற்றத்தைச் சுருக்கமாகவேனும் கூறுதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1946இல் பிராக் நகரில் சர்வதேச மாணவர் ஒன்றியம் நிறுவப்பட்டது. விரைவிலேயே அது சோவியத் சார்பினதாயிற்று. 1948இல் செக்கோஸ்லோவாக்கியாவிற் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியபோது அந்நாட்டு மாணவர் ஒடுக்கப்பட்டனர். ஒன்றியம் அதனைக் கண்டிக்க மறுத்தது. அதனால் மேற்கு நாட்டு மாணவர் அமைப்புகள் விலகி, 1950 டிசெம்பரில் ஸ்டொக்ஹோமிற் கூடித் தமக்கென ஒரு மாநாட்டு மரபைத் தொடங்கின. அக்காலத்தில் சுவீடன் மாணவர் ஒன்றியத்திற் பணியாற்றிய ஒலொவ் பால்மே, 1969இல் அந்நாட்டின் பிரதமரானார். மாணவர் மேடைகள் தலைவர்களை உருவாக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நெதர்லாந்தின் லைடன் நகரிற் செயலகம் அமைத்து இயங்கிய இம்மாநாடு பயனற்ற வெறும் பேச்சுக் கூட்டமாக இருந்ததில்லை. சர்வாதிகார நாடுகளிலும் குடியேற்ற நாடுகளிலும் மாணவர் படும் இன்னல்களை ஆராய்ந்து அது அறிக்கைகள் வெளியிட்டது. ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க மாணவர் ஒருவரையொருவர் சந்திக்கவும் அது வழிசெய்தது.

ஆனால் 1967இல் அமெரிக்காவின் 'ராம்பார்ட்ஸ்' என்னும் சஞ்சிகை ஓர் உண்மையை அம்பலப்படுத்திற்று. அமெரிக்கத் தேசிய மாணவர் சங்கத்திற்கு 1950களின் தொடக்கத்திலிருந்து மத்திய புலனாய்வு நிறுவனமான சீ.ஐ.ஏ. இரகசியமாகப் பணம் வழங்கி வந்திருந்தது. சர்வதேச மாணவர் மாநாட்டின் செலவிற் பெரும்பங்கைத் தாங்கிய நியூயோர்க் நிதியமும் அந்நிறுவனத்தின் பணத்தைக் கைமாற்றும் வாய்க்காலே என்பது தெரியவந்தது. அதன்பின் மாநாடு நிலைக்கவில்லை, 1969இற் கலைந்தது. மறுபுறத்தில், பிராக் ஒன்றியத்தின் கை எங்கிருந்து அசைக்கப்பட்டது என்பதை உலகம் முன்னரே அறிந்திருந்தது.

பேராதனைக்கு வந்தோர் யாவரும் கூலிக்கு மாரடித்தோர் என்று கூறுதல் பெரும் அநீதியாகும். பணத்தின் ஊற்றுக்கண்ணை அறிந்திருந்தோர் இரகசியம் காப்பதாக ஒப்பமிட்ட ஒருசிலரே. ஏனையோர் தாம் நம்பியதையே பேசினர். குடியேற்றவாதத்தை மனமாரவே எதிர்த்தனர். என்னை வருத்துவதும் இதுவேயாகும். ஒருவனுடைய நேர்மையான சொல்லை, அவன் அறியாமலே இன்னொருவர் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டனர். உண்மை வெளிப்பட்டபோது, கறை பணம் கொடுத்தோரைக் காட்டிலும் பேசியோர் மீதே ஆழமாகப் படிந்தது.

அம்மாநாட்டு மரபில் நெடுங்காலம் நீடித்த விவாதம் ஒன்று உண்டு. மாணவர் 'மாணவர் என்ற நிலையில்' தம்மைப் பாதிக்கும் கல்வி விடயங்களை மட்டுமே பேசலாமா, அன்றி அரசியலையும் பேசலாமா என்பதே அது. இந்நாட்டுத் தமிழ் மாணவர் ஒருவரின் இடத்தில் என்னை வைத்து இவ்விவாதத்தை எண்ணிப் பார்க்கிறேன். மாநாடு கூடுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1956 யூன் மாதத்திலேதான், தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எம்மொழியிற் கற்பது, கற்றபின் எம்மொழியில் உத்தியோகம் பார்ப்பது என்பன கல்வியா, அரசியலா? அவனுக்கு அவை இரண்டும் ஒன்றே. எந்தக் கேள்வியைப் பேசலாம் என்று வரையறுக்கும் உரிமை மேடையை அமைத்துத் தருவோரிடம் இருக்கும்போது, மேடையில் ஏறியவனுக்கு எஞ்சுவது குரல் மட்டுமே.

மாணவர் தாமே மாநாடு நடத்துதல் இயலாத காரியமன்று. 1968இன் மாணவர் கிளர்ச்சிகளை அடுத்து, சுவிற்சர்லாந்தின் சங்க்ட் காலன் பல்கலைக்கழக மாணவர் ஐவர் 1969இல் ஒரு முயற்சியைத் தொடங்கினர். 1970 முதல் அது ஆய்வரங்காக வளர்ந்து வந்துள்ளது. அதனை நடத்தும் மாணவர் குழு, அதற்கெனத் தம் படிப்பையே இடைநிறுத்தி உழைக்கிறது. அங்கு நிறுவனங்களின் பணமே பெரிதும் பயன்படுகிறது. ஆனால் கொடுப்போர் யாரென்பது வெளிப்படை. நோர்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகர மாணவர் 1990 முதல் நடத்திவரும் சர்வதேச மாணவர் விழா இன்னொரு வகையினது. அதனோடு இணைந்து 1999 முதல் மாணவர் சமாதானப் பரிசும் வழங்கப்படுகிறது. 2013இல் அப்பரிசு, ஈரானிற் சிறைப்பட்டிருந்த மாணவர் தலைவர் மஜீத் தவக்கொலிக்கு அளிக்கப்பட்டது. தம் நாட்டுக்கு வந்து உரையாற்ற இயலாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தமையிலேயே அம்மாணவரின் சுதந்திரம் தெரிகிறது.

இனி எம் நிலைக்கு வருவோம். கடந்த ஆண்டு வெளிநாட்டு இளைஞர் மாநாடு ஒன்றின் விண்ணப்பப் படிவம் எமது பீடத்திற் கைமாறிக்கொண்டிருந்தது. தலைமைத்துவப் பண்புகளை இருநூறு சொற்களில் விளக்குமாறு அது கேட்டது. கடைசிப் பக்கத்தில் நுழைவுக் கட்டணம் குறிக்கப்பட்டிருந்தது. அத்தொகை, தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் என் தாயாரின் நான்கு மாதச் சம்பளத்தை விஞ்சியது. விமானச் செலவு வேறு. கொழும்பிற் பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்தோரே இத்தகைய முதலீட்டுக்கு உகந்தோராகத் தெரிவாவதில் வியப்பென்ன? முன்பு பணம் கொடுத்து மாணவரை வாங்கினர். இப்போது மாணவரே பணம் கொடுத்துத் தலைவர் என்ற பட்டத்தை வாங்க வேண்டியுள்ளது.

எனக்குக் கிடைத்த தலைமைத்துவப் பயிற்சி வேறிடத்தில் நிகழ்ந்தது. சங்கச் செயற்குழுவில் இருந்தபோது, இவ்விதழுக்கு விளம்பரம் திரட்ட நாங்கள் மூவர் கண்டிக் கடைத்தெருவில் அலைந்தோம். வர்த்தகர் ஒருவர் அட்டையின் பின்பக்கத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்ள முன்வந்தார். ஆனால் விழா மேடையிற் பேசுவதற்குத் தாம் சொல்லும் ஒருவரையே அழைக்கவேண்டும் என்றார். செயற்குழு இரவு வெகுநேரம் வாதிட்டது. இறுதியில் அப்பணத்தை ஏற்பதில்லை எனத் தீர்மானித்தோம். அதன் விளைவாக இதழின் பக்கங்கள் குறைந்தன. முதலாம் வருட மாணவி ஒருவரின் நல்ல கட்டுரை அச்சேறவில்லை. அத்தீர்மானம் சரியானதென்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் அதன் விலையைச் செலுத்தியவர் அவரே. வாக்களித்த நாங்கள் அல்லர். அவரை விரிவுரை மண்டபத்திற் காணும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

ஆகவே பணமே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. பணமின்றி மாநாடும் இல்லை, மலரும் இல்லை. கொடுப்பவர் யார், எவ்வளவு, எந்த நிபந்தனையின் பேரில் என்பனவற்றைக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் கடைசி உறுப்பினரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே என் வாதம். 1956இல் இங்கு கூடியோருக்கு அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டது. எமக்கு அது மறுக்கப்படவில்லை. எமது சங்கம் இவ்வாண்டு முதல் தனது வரவு செலவுக் கணக்கை, நன்கொடையாளர் பெயர்களுடனும் அவர்கள் விதித்த நிபந்தனைகளுடனும், இவ்விதழின் இறுதிப் பக்கத்தில் வெளியிட வேண்டுமென முன்மொழிகிறேன். பொதுக்கூட்டத்தில் இதனை வழிமொழிய ஒருவர் முன்வருவாராயின், அவரை நாளைய தலைவர் எனத் தயக்கமின்றிக் கூறுவேன்.