அப்பாவின் கோபம்

போன வாரம் எங்கள் கழிப்பறையில் ஃப்ளஷ் டேங்க் ஒழுகியது. தண்ணீரை அடைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். அடியிலிருந்த ரப்பர் வாசர் தேய்ந்துபோயிருந்தது. மாற்ற உட்கார்ந்தபோது அப்பா கத்தினார்: "இதுல கை வைக்கக் கூடாதுன்னுதானடா உன்னைப் படிக்க வச்சேன்!"

முப்பது வருடம் துப்புரவுப் பணி செய்தவர். அவர் கோபம் நியாயமானது.

ஆனால் தோழர்களே, அவரவர் கழிப்பறையை அவரவர் சரிசெய்வது வேறு. பிறப்பைச் சொல்லி ஒருவரை ஊரார் மலக்குழிக்குள் இறக்குவது வேறு. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சாவுகள் நிற்கவில்லை.

"ஆளைக் கூப்பிடு" என்று உங்கள் வீட்டில் சொன்னால், ஏன் எப்போதும் அதே தெருவிலிருந்தே ஆள் வருகிறார் என்று கேளுங்கள். வாசரை நீங்களே மாற்றுங்கள்.

அன்றிரவு அப்பா டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். ஒழுகவில்லை. ஒன்றும் சொல்லாமல் மூடினார்.